கையில் பிடித்த விளக்கு

எழுபதுகளின் கடைசியில், மழை விட்ட ஒரு மத்தியானம். மலேசியாவில் கோப்பேங்கிலிருந்து ஈப்போ போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"கெழவன் வெளக்க நெத்தியில கட்டாம கையில புடிச்சிருக்கான் பாரு" என்றாள் மூத்தவள்.

எட்டிப் பார்த்தேன். இளையவள் மடியில் குறி பார்க்கும் டாரட் சீட்டு ஒன்று. பனிமலை உச்சியில் சாம்பல் அங்கி போட்ட கிழவர். ஒரு கையில் கோல், மறு கையில் நட்சத்திரம் எரியும் விளக்கு.

"பெஸ்தா திருவிழாவில சீட்டுப் பாத்த அம்மா கொடுத்துச்சுக்கா. இது சாமியாராம். சாமியாராப் போயி மூணு மாசமா குகைக் கோயில்ல உக்காந்திருக்குற என் வீட்டுக்காரரு இனி வரமாட்டாராம்."

"சும்மாலா. விடியக்கால இருட்டுல ரப்பர் மரம் சீவப் போறப்ப நாம வெளக்க எங்க கட்டுவோம்?"

"நெத்தியில."

"நம்ம வேலைக்கு ரெண்டு கையும் வேணும், அதான். கையில தூக்கிப் புடிச்சா அது பின்னால வர்ற ஆளுக்கு. உன் வீட்டுக்காரரு உன்னத்தான் கூப்பிடுறாரு. இன்னைக்கே கூட்டிட்டு வந்துரலாம்."

ஜன்னலில், அந்தக் குகை இருக்கும் குனோங் ராபாட் மலைகள் பாதி மேகத்துக்குள் மிதந்து வந்தன. இளையவள் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏழு வருஷம் அவரு பின்னால ரப்பர் மர நெரையில நடந்தேன்கா. ஒரு நாளும் அந்த வெளிச்சம் என் பக்கம் திரும்புனதில்ல."

"அப்ப சீட்டுல வெளக்கோட நிக்கிறது யாரு?"

"நான்தான் போல. தெனம் வெளக்கோட வாசல்ல நிக்கிறது நான்தானே."

குகைக்கு இறங்கும் இடத்தில் மூத்தவள் மணியை அடித்தாள். பஸ் நின்றது. இளையவள் எழுந்திருக்கவில்லை.

"ஈப்போவுக்கே போலாம்கா. வாசல்ல நின்னது போதும்."