மடியில் ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர்

2024 மார்ச் 9, சனி, காலை 7.10, பனிமூட்டம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஆலைத் தொழிலாளர்கள் இருவர். இளையவன் மடியில் ஐந்து லிட்டர் கேன்.

“பொண்டாட்டிக்கு யாராச்சும் தண்ணி கொண்டு போவாங்களாடா?”

“எங்க ராமநாதபுரத்துல கெணறெல்லாம் உப்புண்ணே. கம்பெனியில உப்புத்தண்ணியிலேர்ந்து நான் எடுக்குறத அவ ஒரு தடவ குடிச்சுப் பாக்கணும்.”

“உப்பு எங்க போவுது?”

“ஒரு பக்கம் சுடுதண்ணி, மறுபக்கம் பச்சத்தண்ணி, நடுவுல சவ்வு. ஆவி மட்டுந்தான் தாண்டும். சூடு எறங்குனா சொட்டுறது கொறஞ்சிடும். அதக் காவல் காத்தே ஏழு மாசம் ஊருக்குப் போகல.”

“அவ என்ன சொன்னா?”

“தண்ணி வேணாம், நீ வான்னா.”

“அப்புறம் எதுக்குடா கேன்?”

“ஏழு மாசத்துக்கு வேற எதக் காட்டுறதுண்ணே?”

அந்தப் பதில் வருவதற்குள் நான் இறங்க வேண்டிய சூளகிரி கடந்துவிட்டது. போக, வர, கூடுதலாக நாற்பத்து நான்கு ரூபாய்.