வெடிப்பலா விழுந்த இடம்

நோன்புக் கஞ்சியில் வெந்தயம் கொஞ்சம் கூடினாலும் கசந்துவிடும். எஸ்டேட் கேண்டீன் நடத்துகிற ஞானபாக்கியம் அக்கா கிறிஸ்தவர். ஆனாலும் உத்தமபாளையத்தில் எங்கள் பள்ளிவாசலில் காய்ச்சுவதைவிட அவர் காய்ச்சும் கஞ்சி நன்றாக இருக்கும். என் தங்கை ரெஹானாவின் மாப்பிள்ளை ஷானவாஸ் சொல்லிச் சொல்லி வரவழைத்த கைப்பக்குவம் அது. நான் நோன்பு பிடிக்கிறவன் இல்லை. அவன் ஊருக்குப் போய்விட்டான் என்று காலையில் அந்த அக்காவிடம் சொல்லிவிட்டு, சாயங்காலம் அவனுடைய தூக்குவாளியை நீட்டிக் கஞ்சி வாங்கியிருக்கிறேன். மறுநாளும் வாங்கினேன், அதற்கு மறுநாளும் வாங்கினேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். நான் அவ்வளவு கெட்டிக்காரனும் இல்லை. அந்த அக்கா நல்ல மனுஷி, அதனால்தான் சந்தேகப்பட இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டார்.

என்னை இந்த ஸ்டேஷனில் யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. டீகூட வாங்கித் தந்தீர்கள். கேட்டதை ஒழுங்காகச் சொல்கிறேன்.

என் பெயர் தௌபீக். கம்பத்தில் அத்தாவுக்குத் திராட்சைக் கமிஷன் கடை இருந்தது. கடையில் உட்காரச் சொன்னார்கள், நான் தாவரவியல் படித்தேன். படிப்பு என்னை மேகமலைக்கு ஏற்றிவிட்டது, இறக்கிவிட மறந்துவிட்டது. காட்டுக்குள் ஒரு சதுரத்தைக் கயிறு கட்டிப் பிரித்து, உள்ளே இருக்கிற ஒவ்வொரு மரத்திலும் ஓர் அலுமினிய வில்லை அடித்து, வருடா வருடம் நெஞ்சு உயரத்தில் சுற்றளவு எடுப்பதுதான் என் வேலை. ஊரில் எனக்கு ‘மரத்துக்கு அளவெடுக்கிற டெய்லர்’ என்று பெயர். ஷானவாஸும் அப்படித்தான் கூப்பிடுவான். ஏலக்காய் வியாபாரத்தில் நொடித்துப்போய் நின்றவனை நான்தான் உதவியாளாகச் சேர்த்துக்கொண்டேன். “நீங்க டெய்லர், நான் காஜா எடுக்கிற ஆளு” என்று அவனையும் சேர்த்தே கிண்டலடித்துக்கொள்வான். அவனோடு இருந்தால் மலையில் பொழுது போவது தெரியாது.

அந்தச் சதுரத்துக்குள் ஒரே ஒரு சட்டம்தான். எதையும் தொடக் கூடாது. விழுந்த மரம் விழுந்தபடி கிடக்கும். பாதையில் முள் கிடந்தால் நாம்தான் சுற்றிப் போக வேண்டும். மனிதக் கை பட்டுவிட்டால் அங்கே நடப்பது காட்டின் வேலையா நம் வேலையா என்று சொல்ல முடியாது. அந்தச் சதுரத்துக்கு அப்புறம் மதிப்பே இல்லை.

என் ஆராய்ச்சியை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். மழைக்காட்டில் தரைக்கு வெயில் வராது. பெரிய மரம் ஒன்று தானாக விழுந்தால்தான் வெயில் இறங்கும். அந்த வெயிலில் எது முதலில் முளைக்கிறது, எது முந்திக்கொண்டு மேலே போகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஒரு பெரிய மரம் தானாக விழ வேண்டும். நானாகத் தள்ள முடியாது, காத்திருக்கத்தான் முடியும்.

நான் முதலில் போட்ட சதுரம் வேறு இடத்தில் இருந்தது. அங்கேயும் ஒரு மரம் விழுந்தது. நான் காய்ச்சலில் ஊரில் படுத்திருந்த நேரம். பக்கத்து எஸ்டேட் ஆட்கள், சாருக்கு உதவியாக இருக்கட்டும் என்று, மரத்தை அறுத்து, சங்கிலி போட்டு இழுத்து, இடத்தையும் பெருக்கி வைத்துவிட்டார்கள். ஏழு வருட வேலையைத் துடைத்துவிட்டு என்னிடம் டீக்குக் காசு கேட்டார்கள். நான் கொடுத்தேன். அன்றைக்கு அழுதேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். என்னோடு படித்தவர்கள் பேராசிரியர்கள் ஆனார்கள். என் வழிகாட்டி ஓய்வு பெற்றுவிட்டார். எனக்குப் பட்டமும் வரவில்லை, நிச்சயம் செய்திருந்த பெண் வீட்டாரும் காத்திருக்கவில்லை. விட்டுவிட்டு இறங்கினால் அத்தனை வருடமும் வீண். இருந்தால் இருக்கிற வருடமும் போகும். புலிவாலைப் பிடித்தவன் நிலைமைதான். பள்ளத்தாக்கைச் சுற்றி மலை இருப்பது பார்க்கிறவர்களுக்கு அழகு. எனக்கு அது சுவர்.

இரண்டாவது சதுரத்தின் நடுவில் ஒரு வெடிப்பலா நின்றது. உள்ளே உளுத்துப்போன கிழட்டு மரம். தட்டினால் தவில் மாதிரி சத்தம் வரும். அது விழும் என்று எனக்குத் தெரியும். விழுவதற்கு முன்னால் அடியில் என்னென்ன முளைகள் இருந்தன என்பதும் தெரிய வேண்டும் இல்லையா? அதனால் ஷானவாஸை அடிக்கடி அதன் அடியில் உட்காரவைத்து எண்ணச் சொல்வேன். அந்த மரத்தைப் பற்றி அவனிடம் சொன்னேனா என்று கேட்டீர்கள். சொல்லவில்லை. சொன்னால் அவன் மேலே மேலே பார்த்துக்கொண்டு எண்ணிக்கையைக் கோட்டைவிட்டிருப்பான்.

இந்த வருடம், இரண்டாயிரத்துப் பத்தில், ஆடிக் காற்று ஆவணியிலும் அடங்கவில்லை. நோன்பு மாதம் தொடங்கியிருந்தது. அன்று காலை நான் சதுரத்தின் மேல் மூலையில் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தேன். முதலில் வெளிச்சத்தைத்தான் பார்த்தேன். என் காலத்தில் வெயிலே படாத தரையில் வெயில் விழுந்து கிடந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. பிறகுதான் அவன் கூப்பிடுவது காதில் விழுந்தது.

“மச்சான், கால எடுக்க முடியல. கெளை தொடை மேல கெடக்கு.”

அடிமரம் அவன் மேல் விழவில்லை. என் இடுப்புப் பருமனில் ஒரு கிளைதான். ரத்தம் அதிகம் இல்லை. தண்ணீர் கொடுத்தேன், நோன்பு என்று வாயை மட்டும் நனைத்துக்கொண்டான். “அப்படியே இரு மாப்ள, ஆள் கூட்டிட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஆள் கூட்டி வரத்தான் இறங்கினேன். இதை நீங்கள் நம்ப வேண்டும்.

எஸ்டேட்டில் மோட்டார் வாள் உண்டு, ஆட்கள் உண்டு, ஜீப் உண்டு. கூப்பிட்டிருந்தால் அன்று அஸ்தமனத்துக்குள் அவனை வெளியே எடுத்திருப்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வழியெல்லாம் எனக்கு அந்தக் கூட்டம்தான் கண்ணில் தெரிந்தது. சங்கிலி, பூட்ஸ் கால், அறுத்த மரத்தூள், பாதை வெட்டுகிற அரிவாள். கேண்டீன் வாசலில் ஞானபாக்கியம் அக்கா நின்றார்.

“என்ன சார், ஒத்தையில வர்றீக? தம்பி எங்க?”

“ஊருக்குப் போயிட்டான்க்கா.”

அது நான் யோசித்துச் சொன்னது இல்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு வெளியே வர வழி தெரியவில்லை. முதல் முளைப்பு மட்டும் வந்துவிடட்டும், அதைப் பதிந்துகொண்டால் போதும், அப்புறம் யார் வந்து மிதித்தாலும் பரவாயில்லை என்று கணக்குப் போட்டேன். மறுநாள் ஆனதும், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று பயம் வந்தது. ஒவ்வொரு நாளும் அந்தப் பயத்துக்கு ஒரு நாள் வயது கூடியது. மரத்துக்கு அடியில் அவன் மட்டும்தான் மாட்டிக்கொண்டான் என்று நினைக்காதீர்கள்.

அவனைப் பட்டினி போட்டேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவனுக்குத் தினமும் கஞ்சி போயிற்று, ரொட்டி போயிற்று, காய்ச்சல் மாத்திரை போயிற்று. தலைக்கு மேல் தார்ப்பாய் கட்டினேன். தலைக்கு மட்டும்தான் கட்டினேன், அகலமாகக் கட்டினால் தரைக்கு வெளிச்சம் மறைக்கும். இந்த நிலைமையில் மார்க்கமே விலக்குத் தந்திருக்கிறது, நோன்பை விடு என்றும் சொன்னேன்.

“சும்மாதான கெடக்கேன் மச்சான். நோன்பையாவது பிடிச்சுக்கறேன்” என்றான்.

வாள் ஏன் வரவில்லை என்று கேட்டான். எஸ்டேட் வாள் பழுது, மழையில் மண் சரிந்து ரோடும் அடைத்துவிட்டது, மதுரையிலிருந்து ஆள் வர வேண்டும் என்றேன். மலையில் அது நடக்கிற சங்கதிதான், நம்பினான். அங்கே செல்போனுக்கு டவர் கிடையாது, முதலில் கொஞ்ச நேரம் கத்திப் பார்த்தான். கத்தினால் உடம்பு தளர்ந்துவிடும் என்று நான் சொன்ன பிறகு நிறுத்திக்கொண்டான்.

ஒரு நாள் நான் போனபோது அவன் முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரலில் பழைய உற்சாகம். “மச்சான், இந்தா என் கையிக்கிட்ட ஒண்ணு மொளைச்சிருக்கு பாருங்க. வெடிப்பலா மாதிரி தெரியல, வேற என்னமோ.” அவன் சொன்னது சரிதான். அதுதான் முதல் முளை. நான் அதைச் சுற்றி வண்ணக் கம்பி வளையம் போட்டேன். அதன் மேல் பட்டுவிடக் கூடாது என்று அவன் முழங்கையை மடக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு நான் பார்த்தபோதெல்லாம் கை நெஞ்சில்தான் இருந்தது. இப்படி ஒரு உதவியாள் யாருக்கும் கிடைக்க மாட்டான்.

முதல் முளை வந்துவிட்டதே, அப்புறமாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். எது முந்துகிறது என்று தெரிய இரண்டாவது வர வேண்டும், மூன்றாவது வர வேண்டும். இது படித்தவர்களுக்குப் புரியும்.

கிளையை அரிவாளால் வெட்டியிருக்கலாம் என்றும் சொன்னீர்கள். நாள் முழுக்க வெட்டினால் வெட்டலாம். வெட்டிய துண்டு சரிவில் உருண்டு முளைகள் மேல்தான் போயிருக்கும். அவனும் அரிவாளைத்தான் கேட்டான், வேறொன்றுக்கு.

“காலு செத்துப்போச்சு மச்சான், எனக்கே வாடை வருது. வெட்டி எடுத்துருங்க. நான் கத்த மாட்டேன்.”

அந்தக் கொடுமையை என்னால் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டேன். ரத்தம் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். பக்ரீத்துக்கு ஆடு அறுக்கிற குர்பானி அன்றைக்குக்கூட நான் வீட்டில் நிற்க மாட்டேன், எங்கள் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், கீழ நெசமாவே சொல்லிட்டீகளா?”

“சொல்லிட்டேன் மாப்ள.”

“சரி. ரெஹானாகிட்டயாவது சொல்லுங்க” என்றான். அதற்குப் பிறகு ரோட்டைப் பற்றி அவன் கேட்கவில்லை.

ரெஹானா தானாகவே வந்தாள். சின்னமனூர் பஸ்ஸில் ஏறி, வாந்தி எடுத்துக்கொண்டே வந்து இறங்கினாள். நல்லவேளை, நான் பஸ் நிற்கும் இடத்தில் இருந்தேன். கேண்டீன் பக்கம் போகவிடவில்லை.

“அவுக எங்கண்ணே? பெருநா வருது, ஒரு போனு கூடப் பண்ணல. இந்தா, அவுகளுக்குச் சட்டை எடுத்துக்கிட்டு வந்தேன்.”

சாமான் வாங்கக் குமுளிக்குப் போயிருக்கிறான், வந்ததும் நானே அனுப்பி வைக்கிறேன் என்றேன். அவள் என்னை நம்பாமல் இருந்ததே இல்லை. சின்னப் பிள்ளையில் முல்லையாற்று வாய்க்காலைத் தாண்ட பயந்து நிற்பாள், நான் கை நீட்டினால் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவாள். சட்டை இருந்த பையை என் கையில் கொடுத்துவிட்டு, அதே பஸ் திரும்பும்போது ஏறிக்கொண்டாள். ஜன்னல் வழியாகக் கை காட்டினாள். எனக்கு நெஞ்சு வலித்தது. நான் கல் இல்லை.

அதற்கு மறுநாளிலிருந்து நான் கஞ்சி வாங்குவதை நிறுத்தினேன். “நோன்பு இன்னும் முடியலையே சார், கஞ்சி வேணாமா? தம்பிதான் ஊருல இல்லையே, இத்தன நாளும் ஆருக்கு வாங்கினீக?” என்று அந்த அக்கா கேட்டார். நோன்புப் பெருநாளைக்கும் அவன் வீட்டுக்குப் போகவில்லை. ரெஹானா மறுபடி மேலே வந்தாள், இந்தத் தடவை நேராகக் கேண்டீனுக்குப் போயிருக்கிறாள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆட்கள் அவனை எடுக்க வந்தபோது, கயிற்றுக்கு வெளியே வரிசையாக நடங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். ஒருத்தர்கூடக் காதில் வாங்கவில்லை. அந்த முளை இப்போது இல்லை.

கடைசியாக, இறந்தவன் உடம்பில் புதுச் சட்டை எப்படி வந்தது என்று கேட்டீர்கள். ஆமாம், ரெஹானா வந்துபோன அன்றைக்கு அவன் உயிரோடுதான் இருந்தான். அவள் பஸ் ஏறிய பிறகு நான் சட்டையோடு மேலே போனேன். “ரெஹானா வந்திருக்கு மாப்ள” என்றேன். அது பொய் இல்லை.

கண்ணைத் திறந்தான். “எங்கன நிக்கிது?”

“கீழ. ஆளுகளைக் கூட்டிக்கிட்டு வந்துக்கிட்டிருக்கு.”

“இந்தக் கோலத்துல பாத்தா பயந்துரும். அந்தச் சட்டையப் போட்டு விடுங்க மச்சான்.”

பழைய சட்டையைக் கழற்றிவிட்டுப் புதியதை நான்தான் போட்டுவிட்டேன். பட்டன் ஒவ்வொன்றாக மாட்டினேன், முகத்தைத் துடைத்துவிட்டேன், தலையைப் பாதைப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னான், வைத்தேன். நான் இறங்கும்போது மூச்சு இருந்தது. மறுநாள் போனபோது இல்லை, கண் மட்டும் திறந்தபடி பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொண்டாட்டி வந்துகொண்டிருக்கிறாள் என்ற நினைப்போடு நிம்மதியாகத்தான் போயிருக்கிறான். இதை மட்டும் நீங்கள் ரெஹானாவிடம் சொல்லிவிடுங்கள். நான் செய்ததில் அவளுக்கு ஆறுதல் தருகிற விஷயம் இது ஒன்று இருக்கிறது, நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள்.