ரப்பர் வளையம் வீங்கிய ஏழாம் நாள்

விளக்கெண்ணெய் வாசம் பலருக்குக் குமட்டும். எனக்குப் பிடிக்கும். பீளமேட்டில் எங்கள் அப்பாவின் பட்டறையில் எப்போதும் அந்த வாசம்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திய பிறகு, நான் அங்கே பாகங்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மில் முதலாளியிடம் சின்ன விமானம் இருந்தது. பறக்கும்போது சக்கரங்களை உள்ளே மடக்கிக்கொள்ளும். ஓட்டியவர் என் அக்காள் சென்னியம்மாளின் புருஷன் திருமூர்த்தி. சக்கரத்துக்கான வால்வு பழுது பார்க்க எங்களிடம் வரும். விமானி கைப்பிடியைத் தள்ளினால் வால்வுக்குள் ஒரு சிறிய உருளை நகரும். ஒரு பக்கம் நகர்ந்தால் எண்ணெயின் அழுத்தம் சக்கரத்தை மேலே இழுக்கும். மறுபக்கம் நகர்ந்தால் கீழே இறக்கும். எண்ணெய் கசியாதிருக்க உருளையைச் சுற்றி ரப்பர் வளையங்கள். பம்பு நின்றுபோனால் கைப்பம்பு உண்டு. ஆனால் அந்த எண்ணெயும் இதே வால்வு வழியாகத்தான் போக வேண்டும்.

இதையெல்லாம் படம் போட்டு ஒரு நோட்டில் எழுதி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தேன். மச்சான் அதைக் கண்டெடுத்து, விருந்துக்கு வந்தவர்கள் முன் உரக்கப் படித்தார்.

“ஏனுங்க மாமா, ஊட்டுலயே இஞ்சினீர வெச்சுக்கிட்டு ஆரையோ தேடறீங்க? அம்மணி, நாளைக்கு நீயே ஓட்டு. நான் சோறாக்கிப்போடறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். “உடுங்க, அழுதுபோடுவா” என்று அக்காளும் சிரித்தாள். நோட்டு வெந்நீர் அடுப்புக்குள் போனது.

அதற்காகச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். எழுதியது சரிதானா என்று பார்க்க விரும்பினேன், அவ்வளவுதான். அந்த வளையங்கள் விளக்கெண்ணெய் சேர்ந்த எண்ணெயில் மட்டுமே தாங்கும். மிஷின் எண்ணெயில் ஊறினால் வீங்கும். ஒன்றைக் கிண்ணத்தில் போட்டுப் பார்த்தேன். ஏழாம் நாள் அது உருளையின் பள்ளத்தில் அடங்கவில்லை. வால்வுக்குள் இப்படி வீங்கினால் உருளை இறுகிப்போகும்.

அடுத்த முறை வால்வு பழுதுக்கு வந்தபோது, விமானத்துக்குப் போகும் டின்னில் மிஷின் எண்ணெயை நிரப்பி, வாசத்துக்குக் கொஞ்சம் விளக்கெண்ணெய் சேர்த்தேன். அப்பா வால்வைப் பொருத்தி, அந்த எண்ணெயை ஊற்றி, விமானத்தை ஜாக்கியில் தூக்கி வைத்துச் சோதித்தார். பத்து முறையும் சக்கரம் மடங்கி இறங்கியது.

“சுத்தமாத் தொடச்சிருக்குற கண்ணு” என்றார்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று முதலாளி சம்மதித்ததால் மச்சான் அக்காளையும் ஏற்றிக்கொண்டார்.

“நீயும் வாரியா கண்ணு? எடமிருக்குது” என்று அக்காள் கூப்பிட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

சக்கரம் ஒழுங்காக மடங்கியது. திரும்பி வந்தபோது இறங்கவில்லை. நான்கு முறை விமானத் திடலைச் சுற்றினார்கள். அப்பா கீழிருந்து, “கைப்பம்ப அடி மாப்பிள்ளை, அடி” என்று கத்திக்கொண்டே ஓடினார். விமானம் வயிற்றால் தரையை உரசி, வேலியைத் தாண்டி, சோளக்காட்டில் கவிழ்ந்து எரிந்தது. இருவரும் வெளியே வரவில்லை.

அக்காள் ஏறும்போதே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் முதலாளியும் அவருடைய ஆட்களும் நின்றார்கள். அத்தனை ஆண்கள் நடுவே ஒரு பெண் எப்படி வாயைத் திறப்பாள்?