ரெண்டு கையும் வேணும்

— கையை எடுடா. கட்டை மேல கை வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?

— உருண்டுடுமேன்னு பிடிச்சேன்க்கா.

— உருளாது. ரெண்டு பக்கமும் தடுப்பு இருக்கு பாரு. ஒரு கை ஸ்விட்ச்சில, இன்னொரு கை அந்தக் கைப்பிடியில. ரெண்டையும் சேர்த்து அழுத்தினாத்தான் மிஷின் கட்டையைக் கத்தி மேல தள்ளிப் பிளக்கும். ஒண்ணை விட்டாலும் நின்னுடும்.

— கைப்பிடியை ஒரு கயித்தால கட்டிட்டா ஒரு கை மிச்சமாகுமே?

— கை மிச்சமாகும். விரல் மிச்சமாகாது.

— சரி தாயே, கட்டலை.

— கண்ணாடியை நெத்தியில ஏத்தி விடாதே, கண்ணுல போடு. மஃப்ளரைக் கழட்டி ஆணியில மாட்டு. தொங்குறது எதுவும் உடம்புல இருக்கக் கூடாது, கேட்டியா?

— அப்பா கோடாலி எடுத்த காலத்துல இவ்வளவு சட்டம் கிடையாது.

— யாரு சொன்னா? நம்ம ரெண்டு பேரையும் கொட்டகைச் சுவருக்குப் பின்னாடி நிக்க வெச்சுட்டுத்தான் முதல் வெட்டே போடுவார். நீதான் எட்டி எட்டிப் பார்ப்பே.

— ஒவ்வொரு வெட்டுக்கும் 'ஹும்'னு ஒரு சத்தம் விடுவாரே. பள்ளிக்கூடத்துல பென்சில் சீவும்போது அதே மாதிரி பண்ணி அடி வாங்கியிருக்கேன்.

— அம்மா சமையக்கட்டு ஜன்னல்லேர்ந்து கத்துவா. 'ஈர விறகா கொண்டாந்து என் கண்ணைக் கெடுக்காதீங்க'ன்னு.

— கத்திக்கிட்டே டீயும் போட்டு வெச்சிருப்பா. பிளந்த உடனே கட்டையிலேர்ந்து ஒரு வாசனை வருமேக்கா. நான் போன எந்த ஊர்லயும் அது கிடைக்கலை.

— இங்க வரும். அழுத்து.

— போகுது, போகுது... நின்னுடுச்சு.

— கணு இருக்குற கட்டை. அழுத்திக்கிட்டே இருக்காதே, விடு. இப்ப பிளக்கைப் பிடுங்கு.

— ஒரு தட்டு தட்டினா வந்துடுமே.

— முதல்ல பிளக்கு.

— பிடுங்கியாச்சு.

— இந்தச் சின்ன ஆப்பை அடியில கொடுத்து நெம்பு. வந்துச்சா? இப்ப அந்த முனை இந்தப் பக்கம் வர்ற மாதிரி திருப்பிப் போடு. பிளக்கை மாட்டிட்டு, ரெண்டு கையாலயும் அழுத்து.

— பிளந்துடுச்சுக்கா. அட, அதே வாசனை.

— முகர்ந்தது போதும், அடுத்ததை எடு. ஜன்னல் கண்ணாடியைத் தட்டறார் பாரு.

— அப்பாவா? எதுக்கு?

— முட்டி போனதுலேர்ந்து அங்கயேதான் உக்காந்திருக்கார். சத்தம் நின்னா, ஏன் நின்னுச்சுன்னு தட்டுவார். மறுபடி ஓடினா சும்மா இருப்பார். அம்மா போனப்புறம் எங்க ரெண்டு பேருக்கும் பாதிப் பேச்சு இதுதான்.

— நான் அடிக்கடி வந்திருக்கணும்க்கா.

— வந்திருக்கணும்தான்.

— அது சரி, நாளன்னைக்குக் கிளம்பறவனுக்கு எதுக்கு இத்தனை பாடம்? ரெண்டு கட்டை பிளந்து தந்தா போதாதா?

— நீ கிளம்பலைடா. மாடி ரூமைக் கழுவி, கட்டில் போட்டு வெச்சிருக்கேன்.

— என்னக்கா விளையாடறே? எனக்கு வேலை இருக்கு.

— அந்த வேலையை எங்க உக்காந்தும் பார்க்கலாம்னு நீதானே போன்ல பீத்திக்கிட்டே. அங்க உன் ஃபிளாட்டுல உனக்காக யாரு இருக்கா? ஒரு ஃபிரிட்ஜு.

— அப்பாவைப் பார்த்துக்கத்தான் நீ இருக்கியே. நீ எங்க போறே?

— ஒருத்தர் கேட்டார், கல்யாணம் பண்ணிக்கலாமான்னு. ஐம்பத்திமூணு வயசுல யாருடா கேப்பா? சரின்னுட்டேன். வெள்ளிக்கிழமை பதிவு பண்றோம், அப்புறம் அவர் வீட்டுக்குப் போயிடுவேன்.

— அக்கா...

— சொல்லு.

— சந்தோஷமா இருக்கியா?

— பயமா இருக்கு. சந்தோஷமாவும் இருக்கு.

— அப்பாவுக்கு எப்படிச் சொல்லப் போறே? உடைஞ்சு போயிடுவாரே.

— அவர்தான்டா என்னைக் கிளப்பி விடறதே. 'முதல்ல அவனுக்கு மிஷினைக் கத்துக்கொடு, விஷயத்தை அப்புறம் சொல்லு, கட்டை வாசனை பிடிச்சுட்டான்னா அவன் போக மாட்டான்'னு சொல்லிட்டு, நீ வந்ததுலேர்ந்து வாயைத் திறக்காம பல்லைக் கடிச்சுக்கிட்டு அங்க உக்காந்திருக்கார்.