பிரின்ஸின் லேப்டாப் ஓடாத காரணம்

சீசன் நேரத்தில் தென்காசியில் துவைத்த துணி காயாது. வகுப்பில் பாதிப் பேர் ஈர வாடையோடுதான் உட்கார்ந்திருப்போம். யாரும் யாரையும் தப்பாக நினைப்பதில்லை. லேப்டாப்பும் துணி மாதிரிதான். ஜன்னலோரம் வைத்தால் சாரல் அதற்குள்ளும் போகும். பிரின்ஸின் லேப்டாப் அப்படித்தான் செத்தது. அதில் என் கை எதுவும் இல்லை. முதல் தடவையைச் சொல்கிறேன்.

பிரின்ஸ் என் வகுப்பு, ஆய்க்குடிக்காரன். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் இருப்பதை லேப்டாப்பே வாசித்துச் சொல்லும். நமக்குக் கோழிச்சண்டை மாதிரி கேட்கும் வேகத்தில் ஒரு பாடத்தையே முடித்துவிடுவான். போனும் இருக்கிறது, பழையது. மெசேஜ் வாசிக்கும், பாடம் வாசிப்பதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடும்.

கல்லூரியில் எனக்கு நக்கல் எழுதுகிறவன் என்று பெயர். வகுப்பு குரூப்பில் எதைப் போட்டாலும் எல்லோரும் சிரிக்கிற ஸ்மைலி போடுவார்கள். பிரின்ஸ் மட்டும், "ஏலே பாண்டி, மூணாவது வரியிலயே ஜோக்கு செத்துட்டு. அதுக்கப்புறமும் ஏன் பொணத்தத் தூக்கிட்டு அலையுத?" என்பான். அவன் சொன்னது ஒருதடவைகூடத் தப்பாக இருந்ததில்லை.

லேப்டாப் செத்த நாட்களில் நான்தான் அவனுக்கு வாசித்தேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடப்பான். கேன்டீனுக்கு, பஸ்ஸுக்கு, ஒருநாள் ஐந்தருவிக்கு. "தண்ணி கம்மிலே. அஞ்சுல ரெண்டுதான் விழுது" என்றான் சத்தத்தை வைத்து. நான் பார்த்தபோது மூன்று விழுந்தது. ரெண்டுதான் என்று சொல்லிவிட்டேன், சந்தோஷப்படட்டும் என்று. வகுப்பில் துறைத்தலைவர் என்னைக் காட்டி மனிதாபிமானம் பற்றிப் பேசினார். அதுவரை என்னைக் காட்டிப் பேசியதெல்லாம் வருகைப்பதிவு பற்றித்தான்.

சனி ஞாயிறுகளில் ரத்தினம் அண்ணாச்சியின் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். லேப்டாப்பை அங்கே பிரித்தேன். போர்டில் கரண்ட் நுழைகிற இடத்தில் அரிசிக் குருணை அளவில் வரிசையாகக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று எரிந்து ஷார்ட் ஆனாலும் லேப்டாப் ஓடாது; எது என்று மீட்டரை வைத்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் கத்தும். அதனால் வரிசை முழுக்க ஸ்பிரிட்டைத் தடவி, கொஞ்சமாகக் கரண்ட் கொடுக்க வேண்டும். எரிந்தது மட்டும் சூடாகும். அதன் மேல் ஸ்பிரிட் முதலில் காயும். காய்ந்தது. ஓரத்தில் ஒரு பழுப்புப் புள்ளி இருந்தது. அதை எடுத்துவிட்டு, செத்த போர்டு ஒன்றிலிருந்து அதே அளவுக் கெப்பாசிட்டரைக் கழற்றிப் போட்டேன். எரிந்ததை மேசை ஓரத்தில் செல்லோடேப் வைத்து ஒட்டினேன்.

"அத ஏம்ல பத்திரப்படுத்துத? தாயத்து கட்டவா?" என்றார் அண்ணாச்சி.

அதன் மேல் இன்னொரு துண்டு செல்லோடேப்பையும் ஒட்டினேன்.

லேப்டாப் பேசியதும் பிரின்ஸ் என் முழங்கையை விட்டான். கீபோர்டுக்கு இரண்டு கையும் வேண்டும் அல்லவா.

"திங்கக்கிழம மத்தியானம் கொச்சி கம்பெனிக்காரன் டெஸ்ட்டு வைக்கான்லே. எங்கள மாதிரி ஆளுக்கு வெப்சைட் ஒழுங்கா ஓடுதான்னு பாக்குற வேலை. இந்த லேப்டாப்புலதான் எழுதணும். கெடச்சிட்டுன்னா செங்கோட்டையில ரயிலேறிருவேன்."

"நானும் வரட்டா?"

"நீ எதுக்குலே? அங்கன வந்து எனக்கு என்ன செய்யப் போற?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அவனிடம் எனக்கு எந்தக் கோபமும் இல்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

சனிக்கிழமை, ஃபேன் சத்தம் போடுகிறது, தூசி தட்டித் தருகிறேன் என்று லேப்டாப்பைக் கேட்டேன். உடனே பையோடு கொடுத்தான்.

இங்கே ஒரு தொழில் விஷயம் சொல்ல வேண்டும். அந்த வரிசையில் ஒரு கெப்பாசிட்டர் இல்லாவிட்டாலும் லேப்டாப் ஓடும். ஆகவே நல்லதை எடுப்பது மட்டும் போதாது. எரிந்ததையே திரும்ப வைக்க வேண்டியிருந்தது. வைத்தேன். இதுவரை நான் செய்த சால்டரிங்கிலேயே சுத்தமானது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பிரின்ஸ் பவர் பட்டனை அழுத்தினான். மறுபடியும் அழுத்தினான். எனக்காவது திரையைப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். அவனோ லேப்டாப்பின் குரல் வரும் என்று காதைச் சாய்த்து வெகுநேரம் இருந்தான்.

"திரும்பவும் சாரல் அடிச்சிருக்கும்" என்றேன்.

"விடுலே. நீ என்ன செய்வ, பாவம்" என்று என்னைத் தேற்றினான். அது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

கல்லூரி லேப் கம்ப்யூட்டரில் அந்தப் பேசுகிற சாஃப்ட்வேரைப் போட்டுத் தருவார்களா என்று கேட்கச் சொன்னான். திங்கட்கிழமை காலை நானே போனேன். ஆபீஸ் வாசல் வரை போய், யாரையும் பார்க்காமல் திரும்பி வந்து, முடியாது என்கிறார்கள் என்றேன். மத்தியானம் டெஸ்ட் அவன் இல்லாமல் நடந்தது. அடுத்த வருடம் முயற்சி செய்யுங்கள் என்று வந்த மெசேஜை அவன் போன் வாசித்தது. பஸ் ஸ்டாப்புக்கு நடக்கையில் என் முழங்கையைப் பிடித்தான். பிடி முன்னைவிட இறுக்கமாக இருந்தது. அன்று நான் எழுதிய நக்கலை வாசித்துக் காட்டினேன்.

"நல்லாருக்குலே" என்றான். அவன் அப்படிச் சொல்வது அதுதான் முதல் முறை. அது நன்றாக இல்லை என்று எனக்கே தெரியும்.

குற்ற உணர்ச்சி இல்லாமல் இல்லை. தூக்கம் வருவதில்லை. பரோட்டா இரண்டுக்கு மேல் இறங்கவில்லை. லேப்டாப் இன்னும் கடையில் என் மேசையில்தான் இருக்கிறது. மதுரையிலிருந்து பார்ட் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

அதனால்தான் ஒன்றையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். நாளை இதை அவன் கையிலேயே கொடுக்கப் போகிறேன். டைப் செய்து அனுப்பியிருக்கலாம். ஆனால் போன் வாசித்துவிடும். இப்படிப்பட்ட விஷயத்தை ஒருவன் மெஷின் குரலில் கேட்பது முறையல்ல. ஆகவே தாளில், பேனாவால் எழுதியிருக்கிறேன். தடவிப் பார்த்துவிட்டு, "என்னலே இது, வாசி" என்பான்.

அவன் மனம் நோகாத மாதிரி வாசிப்பேன்.