நூற்றுப் பதின்மூன்றாம் ஆளும் ஒரு வைக்கோல் புரியும்

அவைத்தலைவர் அவர்களே! நாற்றுவிடும் வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! வயிற்றில் பிள்ளையோடு முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்கு எது ஆகும், எது ஆகாது என்று தீர்ப்புச் சொல்லும் மாமியார்களே, மாமனார்களே! வணக்கம்.

நான் பியோ கிசோப். தோல்கொல் கிராமத்தின் ஊர்த்தலைவன்.

சென்ற நவம்பரில் எங்கள் ஊர்க்குழு வரலாறு காணாத ஒரு முடிவை எடுத்தது. நான்கு கூட்டங்கள், இரண்டு வெளிநடப்புகள். ஊர் முகப்பில் கட்டும் துணித்தட்டியில் ‘வருக, 113!’ என்பதை நீலத்தில் எழுதுவதா, சிவப்பில் எழுதுவதா? சிவப்பு இறந்தவர் பெயரை எழுதும் நிறமாயிற்றே என்றார்கள். பெயருக்குத்தான் ஆகாது, எண்ணுக்கு ஆகும் என்று நானே தீர்ப்பளித்தேன். சிவப்பு வென்றது.

எங்கள் ஊரில் ஆட்கள் நூற்றுப் பன்னிரண்டு. பதினோரு ஆண்டுகளாகத் தொட்டில் ஆடாத ஊர். என் மருமகள் நாரே உண்டாகியிருந்தாள். வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்குக் கோங்கி என்று பெயர் வைத்தோம். பயறு என்று பொருள்.

பிள்ளைத்தாய்ச்சி கண்ணில் கூரானது படக்கூடாது என்பது எங்கள் வழக்கம். என் மனைவி கத்தியை ஒளித்தாள், கத்தரிக்கோலை ஒளித்தாள். மீன்முள்ளை நான் எடுத்துக் கொடுத்தேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நாங்களும் சிரித்தோம்.

மாதப் பரிசோதனைக்கு நாரே ஒரு தவணையும் தவறியதில்லை. எட்டாம் மாதத் தவணை மட்டும் குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாளில் வந்து விழுந்தது. முந்நூறு முட்டைக்கோஸ் உப்பில் ஊறிக் கிடக்கிறது. முட்டைக்கோஸ் காத்திருக்குமா? மருத்துவர் காத்திருப்பார் என்றேன். ஆனால் சுகாதார நிலைய நர்ஸ், மா என்று பெயர், காத்திராமல் எங்கள் முற்றத்துக்கே வந்துவிட்டார்.

“தலைவரே, நாரேவுக்கு இந்த மாசமே கக்குவான் இருமல் ஊசி போடணும். அம்மா போட்டுக்கிட்டா பாதுகாப்பு பிள்ளைக்குப் போகும். பிறந்து ரெண்டு மாசம் வரைக்கும் பிள்ளைக்கு நேரா போட முடியாது. வீட்ல உங்களுக்கும் போடணும்.”

“எனக்கா? எழுபத்தோரு வயசுல என்னைப் பச்சப்புள்ளன்னு நெனச்சியாம்மா?”

முற்றமே சிரித்தது. மிளகாய் விழுதுக் கையோடு என் மனைவி சொன்னாள்: “கத்தரிக்கோலையே ஒளிச்சு வச்சிருக்கேன். நீ ஊசியைத் தூக்கிட்டு வர்றியே!”

“மாமா, டாக்டரும் போன தடவை சொன்னாரு...” என்றாள் நாரே.

“டாக்டர் என்ன, பிள்ளை பெத்தவரா?” என்றேன்.

அன்றைக்கு அதைவிடப் பெரிய சிரிப்பு வேறில்லை. ஊசியை நாரேவும் போட்டுக்கொள்ளவில்லை, நானும் போட்டுக்கொள்ளவில்லை.

ஜனவரியில் பெண் பிறந்தாள். மூன்று கிலோ இருநூறு கிராம். வைக்கோல் புரியை முறைப்படி இடப்பக்கமாகத் திரித்து, கரித்துண்டும் பைன் கொத்தும் செருகி, வாசலில் நானே கட்டினேன். இருபத்தொரு நாள் வெளியாள் யாரும் தாண்டக்கூடாது. தாண்டினார்களா? தபால்காரர் தாண்டவில்லை. என் கூடப்பிறந்த தங்கை தாண்டவில்லை. நர்ஸ் மாவும் தெருவில் நின்றே கேட்டார்: “தலைவரே, உள்ள யாருக்காவது இருமல் இருக்கா?”

“இந்தப் புரியைத் தாண்டி இருமல் வந்துடுமாம்மா?” என்று கேட்டேன். கேட்டுவிட்டு இருமினேன்.

பெரியோர்களே! புரிக்கு உள்ளே நின்று இருமினேன்! பத்து நாளாக இருமிக்கொண்டிருந்தேன். தொட்டிலுக்கு மேல் குனிந்து, கோங்கி, கோங்கி என்று கொஞ்சிக் கொஞ்சி இருமினேன்!

யாரைத் தடுத்தது அந்தப் புரி? மருந்து கொண்டுவந்தவரைத் தடுத்தது. நோய் கொண்டிருந்தவனைத் தடுத்ததா?

பதினெட்டாம் நாள் கோங்கி இருமவில்லை. அவ்வளவு சிறிய பிள்ளைகளுக்குச் சில நேரம் இருமலே வராதாம், மூச்சுத்தான் நிற்குமாம். உதடு நீலமானது. “மாமா, மூச்சு விடல! இவ மூச்சு விடல!” என்று கத்தியபடி, நான் கட்டிய புரியை நெஞ்சால் அறுத்துக்கொண்டு நாரே தெருவில் ஓடினாள். செருப்பில்லை. பனி பெய்துகொண்டிருந்தது.

தாய்மார்களே! ஊசி கூரானதுதான். அந்த நீலம் அதைவிடக் கூரானது. தவணை நாளில் வீட்டில் எந்த வேலை இருந்தாலும் போய்விடுங்கள். முட்டைக்கோஸ் அழுகட்டும்! மாமனார் முறைக்கட்டும்! முறைக்கிற மாமனாரையும் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள்! அவர் கையிலும் ஓர் ஊசி போடச் சொல்லுங்கள்!

என்னம்மா கேட்கிறீர்கள்? பிள்ளை இப்போது எப்படி இருக்கிறாள் என்றா?

நர்ஸ் மா பக்கத்து அறையில் ஊசியோடு இருக்கிறார். வரிசையில் முதல் ஆளாக நான் நிற்கிறேன். என்னைப் பேச அழைத்தவர்களுக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.

வட்ட அலுவலகக் கடிதம் நேற்று வந்தது. தோல்கொல், மக்கள்தொகை 112.