சக்கரத்தின் உள்பக்கம்

ஆம்பூரில் பஸ் ஏறிய இருவரில் ஒருவர் மடியில், தோல் போர்த்திய ஸ்டியரிங் சக்கரம் ஒன்று இருந்தது. வளைவு வரும்போதெல்லாம் அவரும் அதைப் பிடித்துத் திருப்பினார்.

"இந்த பஸ்ஸ ரெண்டு பேர் ஓட்றாங்களா?" என்று பின்னாலிருந்த அம்மாள் கேட்டார்.

சக்கரம் வைத்திருந்தவர் தம் தோல் மண்டி முதலாளியின் பந்தயக் காரை ஓட்டுபவர், கூட இருந்தவர் தோல் பதனிட்டுத் தைக்கும் மைத்துனர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"மெத்தையாட்டம் சுகமா கீது மச்சான். ஆனா வழுக்குது."

"வழுக்காம இன்னா பண்ணும்? எண்ணெய் போட்டு, கண்ணாடியாட்டம் மெருகு ஏத்திக்கீறேன். மெட்ராஸ் வியாபாரி பாத்தா கொத்திக்கினு பூடுவான்."

"வியாபாரியா ஓட்டப் போறான்? போன ரேஸ்ல கை நழுவி வைக்கோல் போருல பூந்தேன். இந்த வாட்டியும் பூந்தா, மொதலாளி என்னை மாட்டு வண்டில தோல் ஏத்தத்தான் அனுப்புவாரு. பிரிச்சித் திருப்பித் தை. சொரசொரப்பு வெளிய இருக்கட்டும்."

"உள்பக்கத்த வெளிய காட்டறதா? கூட வேலை செய்றவன்லாம் சிரிப்பான் மாமா. என் மானம் போய்டும்."

"என் வேலை போனா உங்க அக்கா உன் ஊட்டுக்குத்தான் வருவா, பாத்துக்க."

பள்ளிகொண்டா வந்தபோது மைத்துனர் சக்கரத்தின் தையலை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"சரி, திருப்பித் தைக்கிறேன். ஆனா தோத்தா, தைச்சவன் யாரோ ஆலங்காயத்துக்காரன்னு சொல்லிடு."

"ஜெயிச்சா?"

மைத்துனர் சக்கரத்தின் மெருகை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"ஜெயிச்சா என் பேரையே சொல்லு மாமா. ஆனா உள்பக்கம் யார் கண்ணுலயும் படாம, சக்கரத்து மேலேர்ந்து கையை மட்டும் எடுக்காத."